அரக்கன் டீ போட்ட படம்

சோபாவின் இடது ஓரத்தில் மனைவி மங்கையர்க்கரசி, நடுவில் எட்டு வயது மகள் இனியா, வலது ஓரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வேலாயுதம். சுவரில் படம் ஓடியது. பிள்ளைகளுக்கான பழைய முயல் ராஜா கதையை ஓர் இயக்குநர் ரத்தமும் இருட்டுமாக எடுத்திருந்தார். ஆனால் பார்ப்பவர்களில் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் படம் தானாகவே சாதுவாகிவிடும்.

முயலை விழுங்க வாயைப் பிளந்த அரக்கன் சட்டென்று, “டீ குடிக்கிறீங்களா?” என்றான்.

“அம்மா, நீதானே பயந்தே?”

“நானா? நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்டி.”

முடிவில் எழுத்து ஓடியது: ‘வலது ஓர இருக்கைக்காக மாற்றப்பட்டது.’

“அப்பா, நீங்க போலீசுதானே?”

“ஏசி குளிரும்மா, அதான்.”

வரும் ஞாயிற்றுக்கிழமை காவலர் குடியிருப்பில் இதே படம் போடப்போகிறார்கள். ஸ்டேஷனே குடும்பத்தோடு வரும். வேலாயுதம் உடனே இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். ‘பொருள்: இருக்கையை அறிவிக்காதிருக்க வேண்டுதல். ஐயா, பயந்தது அடியேன்தான். வெளியே தெரிந்தால் திருடன்கூட என்னை மதிக்கமாட்டான்.’

உறையை ஒட்டுமுன் இனியா பிடுங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘ஞாயித்துக்கிழமை அரக்கனைக் காபி போடச் சொல்லுங்க சார். அப்பாவுக்கு டீ பிடிக்காது.’

வேலாயுதம் அதை இருமுறை படித்தார். அந்த வரியை அடித்துவிடவில்லை. உறையை ஒட்டி, ‘ரகசியம்’ என்று சிவப்பு மையில் எழுதித் தபாலில் சேர்த்தார்.