வடைச் சட்டித் தழும்பு

"கைய வெளிய நீட்டிராதடி. கேட்டா வடை சுட்டப்போ எண்ணெ தெறிச்சதுன்னு சொல்லு!"

ஞானம்மா மகளின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்களைத் திணித்துக்கொண்டிருந்தாள். பொட்டுப் பொட்டாகக் கிடந்த தீத்தழும்புகள் அப்படியும் முழுசாய் மறைந்தபாடில்லை.

"நான் என்ன களவா எடுத்தேன்?" என்றாள் ஆனந்தி.

"வெல்டிங் அடிச்ச கைன்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்? அவங்க போறவரைக்கும் வாயத் தொறக்காத."

போன மாதம்தான் ஆனந்தி வெளிநாட்டில் நடந்த உலகத் தொழில்திறன் போட்டியில் வெல்டிங்குக்குப் பதக்கம் வாங்கி வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் பட்டறைக்காரர்கள் அட்டுவம்பட்டி முக்கில் மேளத்தோடு வரவேற்று, அவள் படம் போட்ட பிளக்ஸும் கட்டினார்கள். ஊரே கைதட்ட, ஞானம்மாவை மட்டும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பொம்பளைப் பிள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு இரும்பைப் பற்றவைக்கிறாளாம், அதற்கு ஒரு மேளம்!

சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கூலிவேலையிலேயே கிடந்த குடும்பம். மகளாவது நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டாமா? 'இந்த வாரம் பழனியிலிருந்து பெண் பார்க்க ஒரு இடம் வரும்' என்று தரகர் சொன்னதுமே, ஞானம்மா வெள்ளனே போய் பிளக்ஸை அவிழ்த்து வந்து விறகுக்குப் போர்த்திவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

இதோ, ஜீப்பும் வந்து நின்றது. பழனியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தண்டாயுதபாணி இறங்கினார். பின்னாலேயே, பழமும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டோடு அவர் மனைவி. கூடவே, பள்ளிக்கூடம் முடித்த மகள் தாரணி.

மாப்பிள்ளையைக் காணோம். பெரிய இடம், முதலில் பெற்றவர்கள்தான் வருவார்கள் என்று ஞானம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனந்தி காபி கொண்டுவந்தாள். தாரணி டம்ளரை எடுக்காமல் அவள் கையையே பார்த்தாள்.

"வெல்டிங்ல உலகப் போட்டிக்குப் போயிட்டு வந்தது இவங்கதானுங்களே?" என்றார் தண்டாயுதபாணி.

ஞானம்மாவுக்குப் பகீரென்றது. எந்தப் பாவி போட்டுக்கொடுத்தானோ!

"ஐயையோ, அது வேற ஆனந்திங்க! எம்புள்ள இரும்பத் தொட்டதுகூட இல்ல. கையில கெடக்குறது வடை சுட்டப்போ எண்ணெ தெறிச்சதுங்க."

தண்டாயுதபாணியின் முகம் வாடியது. "நீங்களே சொல்லுங்கம்மா. அது நீங்க இல்லியா?"

ஆனந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் கெஞ்சின.

"நான் இல்லீங்க."

குரல் உடைந்துதான் வந்தது. அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நின்ற பிள்ளையை, பெற்றவளே தலைகுனிய வைத்துவிட்டாள். சீ, நானும் ஒரு தாயா என்று ஞானம்மாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் தேடி வந்த இடம் கைநழுவக் கூடாதே!

"மன்னிச்சுக்குங்க. வீடு மாறி வந்துட்டோம்."

தண்டாயுதபாணி எழுந்துகொண்டார். அவர் மனைவி தட்டைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஞானம்மா பதறிப்போய் ஜீப் வரைக்கும் ஓடினாள். "இருங்கங்க! எம்புள்ள நல்லா சமைப்பா, தைப்பா. ஒருநா மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்களேன்!"

"மாப்பிள்ளையா?" தண்டாயுதபாணி விழித்தார். "எங்களுக்கு இவ ஒருத்திதானுங்களே!"

தாரணி ஜீப்பில் ஏறவில்லை. கண்ணில் நீர் முட்ட, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எனக்கு யாருப்பா வெல்டிங் சொல்லிக் குடுப்பாங்க?"