மேபல் விடமாட்டா

மேபல் வாசல் இரும்புக் கிறில் கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து றேமண்ட் பெரிதாகச் சிரித்தான்.

“என்னக்கா, அண்ணை ஓடிப்போயிடுவார் எண்டு பயமோ?”

“ஓடக்கூடிய ஆள்தானே,” என்றார் அவள் கணவர் ஹெக்டர், மேபல் வாய் திறப்பதற்கு முன்பே.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு அது. ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்திருந்தான் றேமண்ட். ஹெக்டர் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய காலத்தில் பதினைந்து வருடம் அவரோடு வேலை செய்தவன். இப்போது பிறருடைய பாய்ப்படகுகளை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். இந்தமுறை ஒரு படகைக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சாப்பாட்டு மேசை முழுவதும் கடல் வரைபடம் விரிந்து கிடந்தது. ஹெக்டர் கடல் பக்கத்து யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம்.

“தை மாசம் அண்ணை, கடல் குளம் மாதிரிக் கிடக்கு. புதன்கிழமை விடிய வெளிக்கிட்டால் ஞாயிறு திருகோணமலையில பூசை காணலாம்.”

“நீ காணமாட்டாய். உன்ர ஆத்துமாவுக்குத்தான் பூசை ஒப்புக்கொடுப்பினம்.” ஹெக்டரின் பென்சில் வரைபடத்தில் காலித் துறைமுகத்தில் போய் நின்றது. “குளம் இஞ்ச மட்டும்தான். தேவேந்திரமுனையைத் திரும்பினாப் பிறகு வாடைக்காத்து முகத்தில அறையும். காலியில நில். வங்காள விரிகுடாவில தாழமுக்கம் ஒண்டும் இல்லையெண்டு மூண்டு நாள் பாத்திட்டுத்தான் வெளிக்கிடு. முனைக்கு வெளியால பெரிய கப்பல் போற பாதை, அதுக்குள்ள பூந்திடாதை.”

“அம்பாந்தோட்டைக்கு அங்கால?”

“கடலுக்குள்ள கல்லுப்பார் கிடக்கு, தட்டினால் படகு உடையும். வெளிச்சவீட்டுக்கு வெளியால சுத்து, பகலில மட்டும். காத்து அடங்கிற விடியப்புறத்தில எஞ்சினைப் போட்டுக் கரையோட வடக்க ஏறு. பொழுதுபட முந்திப் பாயைச் சுருக்கு. ஏலாதெண்டால் வெக்கப்படாமல் திரும்பி வா. நாள் எண்ணிக்கொண்டு கடலுக்குப் போகாதை.”

றேமண்ட் வரைபடத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தான். “இவ்வளவையும் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு ஏன் வீட்டில கிடக்கிறியள்? வாங்கோவன் என்னோட. கொன்ஸ்ரன்ரைன் வாறன் எண்டவன். கிழக்குக் கடல் பழகின ஆள்தான், ஆனா உங்களைப் போல வருமோ?”

ஹெக்டர் பெருமூச்சு விட்டார். கண்ணால் மேபலைக் காட்டினார். “எனக்கென்ன, இப்பவே வருவன். இவ விடமாட்டா.”

எட்டு வருடமாக ஒவ்வொரு தை மாதமும் இதே பதில்தான். கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். ‘சிங்கம் மாதிரி மனுசன், மேபல் கூட்டுக்குள்ள அடைச்சு வைச்சிருக்கிறா’ என்று றேமண்டின் மனைவி நேசம் கோவில் வாசலில் சொன்னது இன்று காலையும் மேபலின் காதில் விழுந்தது. அவள் பூசைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கேட்காதவள் போல நடந்து வந்திருந்தாள்.

“அக்கா, உங்கட மனுசன் ஆர் எண்டு தெரியுமோ?” றேமண்ட் விடுவதாக இல்லை. “எட்டு வருசத்துக்கு முந்திப் படகு கவிண்டு ரெண்டு நாள் மிதவையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவர். வேற ஆள் எண்டால் செத்திருப்பான். இவருக்கு ஒரு வாடைக்காத்தோ?”

“அப்பிடிச் சொல்லு!” என்று ஹெக்டர் மேசையில் தட்டினார். பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

“அண்டைக்கு ஆஸ்பத்திரியிலயிருந்து நேர வீட்டுக்கு வந்தவர். பிறகு ஒருநாளும் நீங்கள் கடலுக்கு விடேல்லை. இப்ப அறுபத்திமூண்டு வயசு. ஆசையோட செத்துப்போனால் பாவம் உங்களுக்குத்தான் அக்கா. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

இத்தனை வருடத்தில் யாரும் மேபலிடம் நேருக்கு நேர் இப்படிக் கேட்டதில்லை.

“தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்,” என்று குசினிக்குள் போனாள்.

கேத்தலை அடுப்பில் வைத்தாள். ஓம் என்று சொல்லிவிட்டால் நேசத்தின் வாய் அடங்கும், ஊர் வாயும் அடங்கும். புருசனைச் சிறை வைத்தவள் என்ற பெயர் இன்றோடு போய்விடும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

பின்னாலேயே ஹெக்டர் வந்தார். குசினிக் கதவை மெல்லச் சாத்தினார். தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டார். அது தொட்டியில் இரைந்து கொட்டியது.

“எல்லாரும் என்னைத்தான் ஏசுதுகள்,” என்றாள் மேபல். “இண்டைக்கு நான் அவனுக்கு என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்கோ.”

ஹெக்டர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவளிடம் இவ்வளவு கெஞ்சலாக நின்றது குறைவு.

“அக்கா, ஓமோ இல்லையோ?” வெளியே றேமண்ட் சிரித்துக்கொண்டு கூப்பிட்டான்.

ஹெக்டர் அவள் காதருகே குனிந்தார்.

“எப்பவும் போல விடமாட்டன் எண்டு சொல்லும் மேபல்... எனக்குப் பயமாக் கிடக்கு.”