ஆளில்லாத நாலு நாள்

அத்தனையும் இங்கிலீஷ். பதினெட்டுப் பக்கம். ரங்கன் அந்தக் காகிதக் கட்டை மகனிடம் நீட்டினார்.

“எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுடா. இன்னாதான் எழுதிக்கீறாங்க அதுல?”

ரமேஷ் வாங்கிக்கொண்டான். புரட்டிப் பார்க்கவே தேவையில்லை. எழுதியவனே அவன்தான்.

அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

சாவுக்குப் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அதன் கீழே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற சனம். வலை கிடையாது, படகு கிடையாது. முட்டியளவு தண்ணீரில் குந்தி, பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள்.

அப்படிப் போனபோதுதான் முனியம்மாளுக்குக் காலடியில் தரை இல்லாமல் போனது. ரமேஷின் அம்மா. நாற்பது வருஷமாக அவள் நடந்த இடம் அது. படகு போவதற்கென்று போன மாதம் மிஷின் வைத்து இரண்டு ஆள் ஆழம் தோண்டியிருந்தார்கள். எச்சரிக்கைக்கு ஒரு கம்பு கூட நடவில்லை பாவிகள். மறுநாள் காலையில் தூக்கியபோதும் பறிக்கயிறு அவள் பல்லை விட்டு வரவில்லை.

தோண்டியவர்களின் ஆபீசில் போய்க் கேட்டதற்கு இந்தக் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் எவருமே இறால் பிடிப்பதில்லையாம். ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கிறதாம். பள்ளத்தை மூட முடியாதாம். அடுத்த வாரம் மிச்சத்தையும் தோண்டப்போகிறார்களாம்.

இனி எந்தப் பெண்பிள்ளை துணிந்து ஏரியில் இறங்குவாள்? இறங்காவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?

“நம்ம டாக்டர் கீறான்ல, அவன் பாத்துக்குவான்” என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் கொண்டாடிய பிள்ளைதான். பத்து வயதில் விளையாட்டு விடுதிக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பதில் டிவியில் கபடி ஆடினான். இருபத்தேழில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதே, போதும் என்று ஜெர்சியைக் கழற்றிவிட்டுப் படிக்கப் போய்விட்டான். ஊரே சிரித்தது. தொடை தட்டுகிறவனுக்கு நோட்டு எதுக்கு என்றார்கள். முனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி போனால் ஆட்டம் போச்சு, படிப்பு எங்கே போகும் என்று எல்லோர் வாயையும் அடைத்தாள்.

திங்கட்கிழமை அவன் சென்னையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேரவேண்டும். இந்தப் பதினெட்டுப் பக்கத்தை விரித்து எழுதித்தான் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தான். இது தப்பு என்று சொன்னால் அதுவும் போச்சு, வேலையும் போச்சு. சொல்லாவிட்டால் ஏரி போய்விடும்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். மாசி மாதத்தில் நாலு நாள் படகில் போய் எண்ணியிருக்கிறார்கள். முதல் நாள் ஆளில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும்...

“எப்படிக் கீவாங்க?” என்று கூட்டத்திலிருந்து ஜமுனா எகிறினாள். “மாசி மகத்துக்குக் கன்னியம்மாவக் கும்புட நாம அத்தினி பேரும் மாமல்லபுரத்துல கெடந்தோமே! பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியுமே இது!”

விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு அது மறந்தே போயிருந்தது. ஒவ்வொரு மாசிக்கும் அவன் ஏதாவது ஒரு ஊரில் ஆடிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வராமல், படகுத்துறைக்குப் பக்கமாகப் பழவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கி, படகில் போய், வெறிச்சோடிக் கிடந்த ஏரியைப் பார்த்து உண்மை என்றே நம்பி எழுதினான்.

அந்த நம்பிக்கையும் நாலே நாள்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயில் பொரியை அள்ளிக் கொடுத்தாள். எல்லாரும் மாமல்லபுரம் போனோம், நீ ஒருத்தன்தான் வரலை என்றாள். அவன் எண்ணியதும் அதே நாலு நாள்தான். மறுபடி எண்ணுவதென்றால் இன்னும் ஒரு மாதம். அவன் படித்த கல்லூரியிலிருந்து அறிக்கை கேட்டு இரண்டு தடவை போன் வந்துவிட்டது. இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

“எழுதுனவன் பேரு போட்டுக்கீதா?” என்று கேட்டார் ரங்கன்.

பெயர் முதல் பக்கத்திலேயே பெரிதாக இருந்தது.

“இல்ல நைனா” என்றான் ரமேஷ். சொல்லிவிட்டான். நாக்கு கூசவில்லை.

ரங்கன் கட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அவருக்கு எழுத்துதான் தெரியாது, கைநாட்டு தெரியும். அடியில் நீலமாக ஒன்று இருந்தது. எழுதியிருப்பது சரிதான் என்று உள்ளூர் ஆள் ஒருவர் வைக்கவேண்டிய இடம்.

“அடப்பாவி! கைநாட்டு வெக்கறது நம்ம சனந்தான்டா. நம்மள்ல ஒருத்தருதான் ஆமான்னு வச்சுக் குடுத்துக்கீது.” பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் குனிந்து மண்ணை வாரித் தூற்றினார். “வச்ச கை அழுகிப் போவ! புழு புழுத்துப் போவ!”

முப்பது பேரும் மண்ணை வாரினார்கள்.

அம்மா பொரி கொடுத்த அந்தச் சாயங்காலமே மைப்பெட்டியை நீட்டியபோது, இன்னாடா எழுதிக்கீது என்று அவள் கேட்டாள்தான். என் படிப்புக்கும்மா என்றான் ரமேஷ். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அழுத்தி வைத்தாள்.

அந்தக் கையை மண்ணில் புதைத்து இன்றோடு எட்டு நாள்.