ஆடும் கோடு

"பவர் சப்ளைல புது கண்டென்சர் போட்டும் கோடு ஆடுதே!"

மின்னலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பின் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற்ற மேலாளர்.

"அவசரமே இல்லை, நிதானமாப் பாருங்க" என்று டீயை வைத்துவிட்டு மனைவி சமையலறைக்குத் திரும்பினாள்.

அங்கே நின்றிருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. "காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தின நீ, அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"போன மாசமே அவருக்குத் தெரியாம நான்தான்டி சரிபண்ணினேன். தானே ஜெயிச்சுட்டதா நெனச்சு, மறுநாளே இங்க வந்துட்டாரு. டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கினாரு. வெங்காயம் எப்படி நறுக்கணும்னு எனக்கே வகுப்பெடுத்தாரு."

"அப்புறம்?"

"அவர் குளிக்கப் போன நேரத்துல அந்த மெஷினுக்குள்ள ஒரு டயோடோட காலைக் கழட்டி விட்டுட்டேன். இப்பதான் நிம்மதியாச் சமைக்கிறேன்."