யார் அந்தத் தென்றலழகி?

"அடியே தென்றலழகி, இங்க வாடி!"

மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் அந்தக் குரலைக் கேட்டதும் சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்தப் பெயர்க்காரி மட்டும் கையில் கிடைத்தால் கொண்டையைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று பல நாளாகக் கறுவிக்கொண்டிருந்தாள். விருட்டென்று திரும்பினாள்.

மூக்கு ஒழுக ஓடி வந்தது ஒரு சின்னக் குழந்தை. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் ஓடி வந்தன.

"மூணு பேருக்குமா அந்தப் பேரு?"

"ஆமாக்கா. எங்க குப்பத்துல எந்த வூட்டுல பாத்தாலும் ஒரு தென்றலழகி கீது," என்றாள் கூப்பிட்ட மீன்காரி. "கண்ணாயிரம் அண்ணாத்த வெச்ச பேராச்சே!"

அதுதானே சொர்ணத்தின் வயிற்றெரிச்சல்! கண்ணாயிரம் கட்சியின் ஒன்றியச் செயலாளர். சொர்ணத்துக்குத் தாலி கட்டியவர். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கே கூட்டம் போட்டாலும், மேடையில் தமிழ்ப் பெயர் வாங்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆண் பிள்ளை என்றால் மனுசன் விதவிதமாக வைப்பார். பெண் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு தென்றலழகி. கருங்குழியில் தொடங்கிச் செய்யூர் வரைக்கும் அதே பெயர்தான்.

"யாரும்மா அந்தத் தென்றலழகி?" என்று சொர்ணம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். கூட்டத்துப் பக்கமே தலைகாட்டாதவள் என்பதால் அவளை அங்கே யாருக்கும் தெரியாது.

"பெரிய எடத்துப் பொம்பள. மவராசியாம்! அண்ணாத்தைக்கு அந்தம்மா மேல உசுராம். அந்தப் பேரை வெச்சா நம்ம பொண்ணும் நல்லா வாழும்ல?"

அடப்பாவி! ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று சொர்ணம் செங்கல்பட்டு வந்து சேரும்வரை பொருமினாள்.

மறுநாள் காலையில் கண்ணாயிரம் நாஸ்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். இட்லித் தட்டு வரவில்லை. டிரங்குப் பெட்டி வந்தது.

"இன்னாடி இது?"

"நான் மதுராந்தகத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீ உன் தென்றலழகியோட குடும்பம் நடத்துய்யா!"

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. தண்ணீர்ச் சொம்பு பறந்து வந்து சுவரில் மோதியது.

"அய்யோ, அது பொம்பளை இல்லடி, படகு! மொத மொதல்ல குப்பத்துக் கூட்டத்துல ஒரு பொட்டப்புள்ளையக் கையில திணிச்சிட்டானுங்க. ஒரு பேரும் வாயில வர்ல. எதிர்க்க இருசப்பன் படகு நின்னுகினு இருந்திச்சு. அதுல எழுதியிருந்ததைப் படிச்சிட்டேன். ஜனம் கைதட்டிச்சு. அதையே புட்ச்சிகினேன்."

"எங்க அந்தப் படகு? காட்டு."

"அது... போன புயல்ல ஒடைஞ்சிபோச்சு."

"இருசப்பன்?"

"அந்தமானுக்குப் போயிட்டான்."

சொன்னதெல்லாம் சத்தியமான உண்மை. ஆனால் உண்மை பேசுகிறவர் இப்படித் திருதிருவென்று விழித்தால் எவள்தான் நம்புவாள்? கரை வேட்டியைத் தொட்டுச் சத்தியம்கூடச் செய்தார். கட்சிக்காரன் சத்தியம் யாருக்கு வேண்டும் என்று ஒதுக்கித் தள்ளினாள் சொர்ணம்.

"இன்னிக்குச் சாயங்காலம் செய்யூர்ல கூட்டம்தானே? எவ பொட்டப்புள்ளைய நீட்னாலும் என் பேரை வெய்யி. வெக்கல, காலைல மொத பஸ்ல நான் கெளம்பிட்டேன்."

"சொர்ணம் வடமொழிப் பேருடி! மேடையில நின்னு அதை எப்பிடிச் சொல்றது? பொன்னின்னு வெக்கட்டுமா?"

"அவ எவ?"

கண்ணாயிரம் இட்லியை மறந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

சாயங்காலம் அவர் ஜீப்பில் போனார். அவர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று சொர்ணமும் பஸ் ஏறிப் போய், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்தாள். பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒரு வேர்க்கடலை விவசாயி மேடையேறித் தன் பெண் குழந்தையை நீட்டினார்.

கண்ணாயிரம் குழந்தையை வாங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடியும் துடைத்தார்.

"இந்தக் குழந்தைக்கு... சொர்ணம் என்று பெயர் சூட்டுகிறேன்!"

கைதட்டல் வரவில்லை. பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. சொர்ணத்துக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் அடுப்படி தாண்டாத தன் பெயர் மைக்கில் கேட்கிறது! தமிழ், தமிழ் என்று தொண்டை கிழியப் பேசுகிற மனுசன், தனக்காக அதையும் விட்டுக்கொடுத்துவிட்டார். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்ததும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவள் அவள் தோளை ஆதரவாகத் தொட்டாள்.

"உனுக்கே அழுவ வருது பாத்தியா? தென்றலழகின்னு கட்ன பொண்டாட்டி வூட்ல தங்கமாட்டம் கீறப்போ, வப்பாட்டி பேரை மைக்ல சொல்றானே, படுபாவி!"