ஹயசே ஏன் வரவில்லை?

"பாருங்கக்கா, இந்த வியாழக்கிழமையும் ஆளைக் காணோம்," என்றான் முகாய்.

பயிற்சி மைதானத்தின் வாசலில் நல்ல கூட்டம். எல்லார் கையிலும் கையெழுத்து வாங்க வெள்ளை அட்டை. எல்லார் வாயிலும் ஹயசே.

ஜப்பான் கால்பந்து அணிக்குத் தேர்வானதிலிருந்து ஹயசேவுக்கு ஊரில் கோயில் கட்டாத குறைதான். ரயில் நிலையத்தில் அவன் படம், பால் பாக்கெட்டில் அவன் சிரிப்பு.

முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவான். இந்த மாதம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தலைக்கனம் ஏறிடுச்சு. பின்வாசல் வழியா நழுவுறானாம். யாரோ நடிகை கார்ல காத்திருக்காளாம்."

"நீ பார்த்தியா?" என்று கேட்டாள் ரசிகர் மன்றத் தலைவி சோனோபே.

"இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்லணுமாக்கா?"

ஹயசேயின் பெயர் போட்ட பெரிய துணிப் பதாகை சோனோபே தன் கையால் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அதைத் தலைகீழாகக் கட்ட வேண்டும் என்கிறது மன்றம். கட்டினால், 'உன்மேல் நம்பிக்கை போய்விட்டது' என்று ஊரே அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. முடிவு அவள் கையில்.

கதவு திறந்தது. கூட்டம் நிமிர்ந்தது.

வந்தவர் நிராசவா. மாற்று கோல்கீப்பர். பெஞ்சில் உட்கார்ந்தே வயதாகிப் போனவர். எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். கையில் மூடி கழற்றிய பேனா.

"ஹயசே உள்ளேதானே இருக்கார்?" என்று கேட்டான் முகாய்.

"இருக்கார்... வருவார்."

முன்வரிசையில் நின்ற சோனோபே அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இருப்பது ஒரே அட்டை.

நிராசவா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மதியம் தாண்டியதும் கூட்டம் கலைந்தது.

"தலைகீழாவே கட்டிடலாம்க்கா."

"பொறு," என்று சொல்லிவிட்டு சோனோபே பின்வாசல் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள்.

அங்கே நடிகையும் இல்லை, காரும் இல்லை. வலைகள் போட்டு வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஹயசே குந்தியிருந்தான்.

"ஏன் தம்பி, எங்களைப் பார்த்தா ஒளியற?"

அவன் பதறி எழுந்தான். "மன்னிச்சிடுங்கக்கா. நான் முதல்ல வந்தா, என்கிட்ட வாங்கின கையோட எல்லாரும் கிளம்பிடுறாங்க. அப்புறம் நிராசவா அண்ணன் பேனாவும் கையுமா வெறும் வாசலுக்கு வர்றார். இந்த மாசத்தோட அவர் கிளப்பை விட்டுப் போறார். நான் வராட்டி நீங்க காத்திருப்பீங்க. அவர் வரும்போது கூட்டம் இருக்கும். அவர்கிட்டயும் வாங்குவீங்கன்னு..."

சோனோபே கையிலிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நல்ல கூட்டம் போல, சத்தம் இங்கே வரைக்கும் கேட்டுச்சு," என்றான் ஹயசே, முகம் மலர. "நீங்க முன்வரிசையிலதானே நின்னிருப்பீங்க? அட்டையைக் காட்டுங்க, அண்ணன் எப்படிப் போட்டிருக்கார்னு பார்ப்போம்."

சோனோபே அந்த வெள்ளை அட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.