செருப்பு ஸ்டாண்டில் ஒரு சக்கரம்

மலைப்பாதையை முழுதாக ஓட்டி முடித்தால், சைக்கிள் கிளப்பில் தன்னுடைய தலைவர் பதவி மருமகனுக்குத்தான் என்று மாமனார் சொல்லியிருந்தார். விடியற்காலையில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய மருமகன், மாலையில் போன் செய்தார். மகள் வீட்டில் காத்திருந்த மாமனார்தான் எடுத்தார்.

"முடிச்சிட்டேன் மாமா. ரெண்டு ஆத்துப் பள்ளத்தாக்கு, மூணு பழைய கோட்டை ஊரு. இறக்கத்துல சைக்கிள் காத்தாப் பறந்துச்சு."

"எங்கயும் விழலையே, மாப்ள?"

"நானா? ஆட்டு மந்தையே ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்த்துச்சு."

"இங்க செருப்பு ஸ்டாண்டுல ஒரு சக்கரம் சாஞ்சிருக்கே?"

மகள் எட்டிப் பார்த்தாள். "சைக்கிள் காருக்குள்ள நுழையலன்னு காலையில முன்சக்கரத்தைக் கழட்டினாருப்பா. மறந்துட்டாரு போல."

போனில் மருமகன் தொண்டையைச் செருமினார்.

"உங்க காலத்துல யாராவது ஒத்தைச் சக்கரத்துல போயிருக்காங்களா, மாமா?"